இடம் கொடுக்கும் இசை

நேயர்களுக்கு வணக்கம்.

1742-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், டப்ளின் நகரத்து இசை ரசிகர்களுக்கு ஒரு விசித்திரமான வேண்டுகோள் விடுக்கப்பட்டது. நிகழ்ச்சிக்கு வரும் சீமாட்டிகள், பாவாடையை விரித்து நிறுத்தும் வளையச் சட்டங்களை அணியாமல் வர வேண்டும். கனவான்கள் இடுப்பு வாளை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். காரணம் மிக எளியது. 600 பேருக்கென்று கட்டிய அரங்கில் 700 பேரை உட்கார வைத்துவிட்டால், கூடுதலாக வரும் நூறு பேரின் கட்டணமும் தர்மத்துக்குச் சேரும். ஏப்ரல் 13 அன்று நண்பகலில் இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசையா’ என்ற பெரிய பாட்டுப் படைப்பு அங்கே அரங்கேறியது. வசூலான சுமார் 400 பவுன் மூன்று பங்காகி, இரண்டு பங்கு மருத்துவமனைகளுக்கும், ஒரு பங்கு கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களை மீட்பதற்கும் போயிற்று. 142 கடனாளிகள் வெளியே வந்தார்கள்.

அந்த இசையின் உருக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கோ அந்தப் பாவாடை வளையம்தான் நினைவில் நிற்கிறது. இசைக் கலைஞர்கள் தங்கள் கச்சேரியால் சமூகத்துக்குத் துணை நிற்பதையும் அதை ஒன்று சேர்ப்பதையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த வேலை முதல் ஸ்வரம் ஒலிப்பதற்கு வெகு முன்பே, இன்னொருவர் உட்கார இடம் ஒதுக்குவதில் தொடங்கிவிடுகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

ஹேண்டல் அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளவுமில்லை. 1750-இல் லண்டனில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் தேவாலயத்தில் அதே படைப்பை நிகழ்த்தியபோது, இருக்கைகளை விட அதிகமாகச் சீட்டுகள் விற்றுப்போய்ப் பலர் வாசலோடு திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் கழித்து அவர்களுக்காகவே மறுபடியும் நிகழ்த்தினார். பிறகு அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று. தம் உயிலிலும் அந்த இல்லத்துக்கென அதன் இசைப்பிரதி ஒன்றை எழுதி வைத்தார்.

இதோடு ஒப்பிட வேண்டியது 1971-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த நாட்களில், சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கர் தம் மன வேதனையை நண்பரான பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் வந்தார்கள். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டிவிட்டது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருக்கிறதென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. சீட்டு வசூல் ஏறத்தாழ 2,43,000 டாலர் யூனிசெஃப் அமைப்புக்குப் போயிற்று. ஆனால் அதைவிடப் பெருந்தொகையாக இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த வருமானத்துக்கு முன்கூட்டியே வரி விலக்குப் பெற்று வைக்காததால், அது பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. நோக்கத்தில் குறையில்லை, கணக்கு எழுதும் மேசைக்கு ஓர் இடம் போட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கச்சேரிகளால் பல பொதுக் காரியங்களுக்கு உதவிய எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களுக்கு 1974-இல் மகசேசே விருது கிடைத்தபோது, அது கலைப் பிரிவில் அல்லாமல் பொதுச் சேவைப் பிரிவில் வழங்கப்பட்டதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

பணம் திரட்டுவதாவது எண்ணிப் பார்க்கக்கூடிய காரியம். பிரிந்து கிடப்பவர்களைச் சேர்ப்பது அப்படியல்ல. ஜமைக்காவில் இரு கட்சிகளின் ஆதரவாளர்களிடையே துப்பாக்கிச் சண்டை ஓயாதிருந்த காலத்தில், எதிரெதிர்க் கும்பல்களின் தலைவர்கள் இருவரே கூடிப் பேசி ஒரு சமாதானக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்கள். 1978 ஏப்ரல் 22 அன்று பாப் மார்லி பாட்டுக்கு நடுவே பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். அந்தப் புகைப்படத்தை உலகமே பார்த்தது. ஆனால் ஏற்பாடு செய்த அந்த இருவருமே இரண்டு ஆண்டுகளுக்குள் கொல்லப்பட்டார்கள். 1980 தேர்தல் ஆண்டின் வன்முறையில் சுமார் 800 பேர் மாண்டார்கள். பாட்டு தோற்றுவிட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. கை கோத்த தலைவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் அந்த மேடையில் இருக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

1999-இல் இஸ்ரேலிய இசை நடத்துநர் டேனியல் பேரன்பாயிமும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சையீதும் தொடங்கிய இசைக்குழுவில் அந்த வேலை இருந்தது. அரபு நாடுகளிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்த இளைஞர்கள் அதில் சேர்ந்து வாசித்தார்கள். மேற்கத்திய இசைக்குழுவில் வயலின்காரர்கள் இருவருக்கு ஒரே இசைத்தாள் தாங்கிதான். பக்கம் முடியும்போது ஒருவர் வில்லை நிறுத்தித் தாளைப் புரட்டுவார், மற்றவர் இசை அறுந்துவிடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். ஒருவரை ஒருவர் நம்பினாலொழிய அது நடக்காது.

வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசும்போது லெனின்கிராடைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்த ரஷ்ய நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அந்நகர வானொலி, நிகழ்ச்சிகளுக்கு இடையே மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் சத்தத்தை ஒலிபரப்பியது. மெதுவான தட்டு என்றால் ஆபத்தில்லை. வேகமான தட்டு என்றால் விமானத் தாக்குதல். 1942 வசந்தத்தில் வானொலி இசைக்குழுவின் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க், ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை ஒத்திகை பார்க்க அழைத்தபோது, பட்டினியில் தப்பிப் பிழைத்து வந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் நின்றுபோயிற்று. ஊது கருவி வாசிப்பவர்களுக்கு மூச்சு இல்லை. காலி நாற்காலிகளை நிரப்ப ராணுவப் பாண்டு வாத்தியக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள், கலைஞர்களுக்குக் கூடுதல் உணவுப் பங்கீடு தரப்பட்டது, இருந்தும் ஒத்திகைக் காலத்திலேயே சிலர் இறந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று, பகைவரின் பீரங்கிகளைச் சோவியத் படை முன்கூட்டியே தாக்கி அடக்கி வைத்திருக்க, சிம்பொனி முழுவதும் வாசிக்கப்பட்டது. வானொலியும் தெரு ஒலிபெருக்கிகளும் அதை வீடுகளுக்கும், சுற்றி வளைத்து நின்ற படைக்கும் ஒருசேரக் கொண்டு போயின. அரங்குக்கு வர முடியாத எத்தனையோ பேர் படுத்த இடத்திலிருந்தே கேட்டார்கள்.

1964 ஜனவரி 27 அன்று, எஞ்சியிருந்த 22 கலைஞர்களும் அதே அரங்கில் எலியாஸ்பெர்க்கின் முன் அமர்ந்து அந்த சிம்பொனியை மறுபடியும் வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஷொஸ்தகோவிச்சும் இருந்தார்.

வணக்கம்.