நீல வளையமும் ஓர் எழுத்துப் பிழையும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு நீல வளையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது, ஆகவே கொஞ்சம் மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்துக் காயவிடுவோம். அதன்மேல் பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து விட்டால், செல்லுக்குள் இரும்பு தங்கியிருக்கும் இடமெல்லாம் நீலம் பூக்கும். 1867இல் மாக்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த முறை. இன்றும் அதேதான். சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் இளம் செல்லில் ஒன்றிரண்டு நீலப் புள்ளி தெரிந்தால் அது இயல்பு. ஆனால் சிலருடைய ஸ்லைடில், செல்லின் உட்கருவைச் சுற்றிக் கோலப்புள்ளி வைத்ததுபோல நீல மணிகள் வரிசையாக நிற்கும். குறைந்தது ஐந்து மணி இருக்க வேண்டும், உட்கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது அவை வளைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதை வளைய சிடரோபிளாஸ்ட் என்று கணக்கில் சேர்ப்போம்.

சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் பியோர்க்மன் 1956இல் இந்த வளையச் செல்களோடு வரும், எந்த மருந்துக்கும் மசியாத ஒரு ரத்தசோகையை விவரித்தார். நான் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தபோது இந்த வளையங்களை எண்ணிச் சொல்லத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஏன் வருகிறது என்று கேட்டால் என் ஆசிரியருக்கும் பதில் தெரியாது. பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்களின் ஸ்லைடாக இருக்கும். வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டாது. ஸ்லைடைப் பார்த்தால் இரும்பு கொட்டிக் கிடக்கும். வீடு நிறைய அரிசி மூட்டை, ஆனால் உலை ஏறவில்லை என்கிற கதை. அந்த நீல மணிகள், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்ற உள்ளுறுப்புக்குள் சிக்கிக்கொண்ட இரும்பு.

இந்த நோய் மயலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ். என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மஜ்ஜையில் ஒரே ஒரு தாய்ச் செல் கெட்டுப்போய், அதன் வாரிசுகள் மஜ்ஜையை மெல்லப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக நகரும் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லலாம். சிலருக்கு அது கடும் லுக்கீமியாவாக மாறிவிடும்.

சரி, அந்த வளையத்துக்குக் காரணம் என்ன? அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

நம் மரபணுக்கள் டி.என்.ஏ.வில் நான்கே வேதி எழுத்துகளால் எழுதப்பட்டவை. வேண்டியபோது செல் அதை ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதியைப் பார்த்துப் புரதம் செய்கிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம். அந்தப் பாடத்தில் அநேகமாக விட்டுப்போவது இது: எடுத்த பிரதியை அப்படியே படிக்க முடியாது. நடுநடுவே தேவையில்லாத நீண்ட துண்டுகள் இருக்கும். அவற்றுக்கு இன்ட்ரான் என்று பெயர். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, எக்சான் என்னும் வேண்டிய துண்டுகளை மட்டும் ஒட்ட வேண்டும். ஸ்பிளைசிங் என்பார்கள். நாம் வெட்டி ஒட்டுதல் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வெட்டுகிறது தெரியுமா? தசைக்குரிய டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் நீளம் ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து. வெட்டி ஒட்டியபின் மிஞ்சுவது 14 ஆயிரம்.

1977இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யிலும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலும் இரண்டு குழுக்கள், சளி காய்ச்சல் தரும் அடினோவைரஸில் இதைக் கண்டுபிடித்தன. வைரஸின் டி.என்.ஏ.வையும் அதன் ஆர்.என்.ஏ.வையும் ஒட்டவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆர்.என்.ஏ.வில் ஜோடி இல்லாத டி.என்.ஏ. துண்டுகள் வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றன. 1993இல் ஃபிலிப் ஷார்ப்புக்கும் ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நுண்ணோக்கிப் படங்களில் பெரும்பங்கு ஆற்றிய லூயிஸ் சௌவுக்குக் கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? பழைய ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. பதம் பிரிப்பவர்தான் எங்கே ஒரு சொல் முடிகிறது என்று தீர்மானிக்க வேண்டும். ‘பலகை’யைப் பலகை என்றும் படிக்கலாம், பல கை என்றும் படிக்கலாம். செல்லிலும் இடைவெளி கிடையாது, சின்னச் சின்ன அடையாளம்தான் உண்டு. இன்ட்ரான் பெரும்பாலும் ஜி, யூ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி ஏ, ஜி என்ற இரண்டு எழுத்தில் முடியும். ஆனால் ஏ-ஜி என்ற ஜோடி எங்கும் கிடக்குமே? சரியான ஏ-ஜி எது என்று பொறுக்கி எடுப்பதற்கு ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் கூடி ஓர் இயந்திரமாக வேலை செய்கின்றன. அந்த இயந்திரத்துக்கு ஸ்பிளைசியோசோம் என்று பெயர். இதன் முதல் துப்பு லூப்பஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வந்தது. அவர்களுடைய உடல் தன் சொந்த உறுப்புகளையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது. அதில் சில, இந்த இயந்திரத்தின் பாகங்களைத்தான் பிடிக்கின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் கண்டார்கள்.

இனி வளையத்துக்கு வருவோம். 2011. பியோர்க்மன் எழுதி 55 ஆண்டு ஆகிவிட்டது. டோக்கியோவில் செய்ஷி ஒகாவாவின் குழு, எம்.டி.எஸ். நோயாளிகள் 29 பேருடைய மரபணுக்களின் எக்சான் பகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் சேங்கர் நிறுவனத்திலும் ஒரு குழு இதே வேலையில் இருந்தது. புற்றுநோய் என்றால், செல்லை வளரச் சொல்லும் மரபணுவோ நிறுத்தச் சொல்லும் மரபணுவோ கெட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். கிடைத்ததோ வேறு. பதம் பிரிப்பவரே தடுமாறிப் போயிருந்தார். வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் பாகங்களிலேயே பிழை. எம்.டி.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி. வளையச் செல் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மிகப் பெரும்பான்மையோருக்கு எஸ்.எஃப்.3பி1 என்ற ஒரே புரதத்தில் பிழை. அதிலும் அடிக்கடி காணப்படுவது அதன் 700ஆம் இடத்தில் நடப்பது: லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்திருக்கும். டி.என்.ஏ.வில் பார்த்தால் ஓர் எழுத்து மாற்றம், அவ்வளவே.

அந்த ஓர் எழுத்து என்ன செய்கிறது? எஸ்.எஃப்.3பி1இன் வேலை, இன்ட்ரானின் கடைசிப் பகுதியில் சரியான இடத்தைப் பிடித்துக் காட்டுவது. பிழையான புரதம், சரியான ஏ-ஜிக்குப் பத்து முதல் முப்பது எழுத்து முன்னாலேயே வேறொரு ஏ-ஜியைக் காட்டிவிடுகிறது. வெட்டி எறிய வேண்டியதில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சின்னத் துணுக்குதானே என்று நினைக்க வேண்டாம். செல் ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ‘மரம் பழம் தரும்’ என்று மூன்றெழுத்துச் சொற்களாக எழுதுங்கள். முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்: ‘ரம்ப, ழம்த, ரும்’. பழம் தந்த மரம் ரம்பமாகிவிட்டது. எழுத்து குறைந்தாலும் கூடினாலும் கதி இதுதான். இப்படி உளறும் ஆர்.என்.ஏ.க்களில் பலவற்றைச் செல்லே கண்டுபிடித்து அழித்துவிடுகிறது. ஆகவே அந்தப் புரதம் குறைந்துபோகும். அப்படிக் குறைவதில் ஒன்று ஏ.பி.சி.பி.7. மைட்டோகாண்டிரியாவில் இரும்பைக் கையாளும் வேலையில் இருப்பது. அது குறைந்தால் இரும்பு உள்ளே தேங்கும். நீல வளையம் வரும். இது தெரிந்த நாளில், நான் எண்ணிய ஸ்லைடுகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஒரே பிழை எல்லோரையும் ஒரே மாதிரி வதைப்பதில்லை. எம்.டி.எஸ்.சில் எஸ்.எஃப்.3பி1 பிழை உள்ளவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் நலமாக இருக்கிறார்கள். நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியாவில் அதே பிழை இருந்தால் நோய் வேகமாக முற்றுகிறது. எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 என்ற இன்னொரு பாகத்தில் பிழை வந்தால் எம்.டி.எஸ்.சிலும் நிலைமை மோசம்தான்.

சிகிச்சைக்கே இந்த வெட்டி ஒட்டுதல் தண்ணி காட்டுவதும் உண்டு. கார்-டி செல் சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயாளியின் சொந்த வெள்ளணுக்களுக்கு, சி.டி.19 என்ற அடையாளத்தைத் தேடிக் கொல்லப் பயிற்சி கொடுத்துத் திருப்பி ஏற்றுவது. ஐ.ஐ.டி. பம்பாயில் பிறந்த நெக்ஸ்கார்19க்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சில லுக்கீமியா செல்கள் சி.டி.19இன் இரண்டாவது எக்சானை மட்டும் தாண்டி ஒட்டிக்கொள்கின்றன என்று 2015இல் தெரிய வந்தது. மரபணு அங்கேயே இருக்கிறது, ஆனால் வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டிய முகம் காணாமல் போய்விடுகிறது. மீசையை எடுத்துவிட்டு நடமாடும் திருடன் மாதிரி.

அப்புறம், மருந்து. இயந்திரமே கெட்டிருக்கும் செல்லில் ஒரு பலவீனம் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணு ஜோடியாக இருக்குமே, இந்தப் பிழைகள் அதில் ஒன்றில்தான் வருகின்றன, மற்றது நல்லதாகவே இருக்கும். இரண்டு வெவ்வேறு பாகங்களில் பிழை உள்ள நோயாளியைப் பார்ப்பதும் அரிது. வெட்டவே முடியாமல் போனால் புற்றுச் செல்லும் பிழைக்காது என்பதுதான் காரணம். ஒற்றைக் காலில் நிற்பவனை லேசாகத் தள்ளினால் போதுமே என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியா செய்யும் ஒரு பொருளிலிருந்து ஈ7107 என்ற மருந்து வந்தது. சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டதால் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்து, மாத்திரையாக எச்3பி-8800. சிலருக்கு ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது, ஆனால் நோய் பின்வாங்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் அவ்வளவு அழகாக இருந்த யோசனை மனிதரிடம் வந்து இப்படி நின்றது.

பயன்பட்டது வேறொரு மருந்து. லஸ்படெர்செப்ட். இது இயந்திரத்தைப் பழுது பார்ப்பதில்லை, சிவப்பணுக்கள் கடைசிக் கட்டத்தைத் தாண்டிப் பக்குவமாக உதவுகிறது. வளையச் செல் உள்ள எம்.டி.எஸ். நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில், மருந்து பெற்றவர்களில் 38 விழுக்காட்டினர் குறைந்தது எட்டு வாரம் ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் அது 13 விழுக்காடு. இந்த நோய்க்கு 2020 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்குச் சில மாதம் முன்பே, 2019 நவம்பரில், இதே ஊசிக்கு பீட்டா தலசீமியாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. தலசீமியா புற்றுநோய் அல்ல, பரம்பரையாக வருவது. ஆனால் இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா பிழை எது தெரியுமா? ஹீமோகுளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து ஜி-யிலிருந்து சி-யாக மாறுவது. அங்கே இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டு அடையாளம்தான் சிதைந்துபோயிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வகைப்பாட்டில், எஸ்.எஃப்.3பி1 பிழை உள்ள எம்.டி.எஸ். தனி நோயாகவே இடம்பெற்றுவிட்டது. இனி பெயர் வைப்பது மரபணுவை வைத்துத்தான். ஆனால் அந்த மரபணுப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் அதிகம். அதனால் அதே வகைப்பாட்டில் ஒரு சலுகை விட்டிருக்கிறார்கள்: மஜ்ஜையின் இளம் சிவப்பணுக்களில் 15 விழுக்காடோ அதற்கு மேலோ வளையச் செல்களாக இருந்தால், மரபணுப் பரிசோதனைக்குப் பதிலாக அதையே எடுத்துக்கொள்ளலாம். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் பெர்ல்ஸ் சாயத்தை விட்டு, நீல மணிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.