டைவ் அடிச்சா இன்ஜின் கட்! ஸ்பிட்ஃபயரைக் காப்பாத்தின பித்தளை வாஷர்

[திரையில்: ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு போர் விமானம்]

1940. இங்கிலாந்து வானம். ஜெர்மன்காரனோட மெஸ்ஸர்ஷ்மிட் 109க்குப் பின்னாடி பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் சரியா வந்து ஒட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு செகண்ட் கிடைச்சா சுட்டுடலாம். முன்னாடி போறவன் ஸ்டிக்கை முன்னால தள்றான், விமானம் மூக்கைக் கவுத்துக்கிட்டு இறங்குது. பின்னாடி இருக்கிறவனும் அதையேதான் பண்றான். ஆனா இவனோட இன்ஜின் மட்டும் இருமுது, கட் ஆகுது, கரும்புகையைக் கக்குது. இன்ஜின் திரும்பப் பிடிக்கிறதுக்குள்ள எதிரி எங்கயோ போயிட்டான்.

இந்தக் கோளாறை சரி பண்ணினது நடுவுல ஓட்டை போட்ட ஒரு பித்தளைத் துண்டு. விஷயத்துக்குப் போயிடலாம் வாங்க.

[திரையில்: மெர்லின் இன்ஜின் படம்]

ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். வி வடிவத்துல 12 சிலிண்டர், 27 லிட்டர், 48 வால்வு, 24 ஸ்பார்க் பிளக். ஸ்பிட்ஃபயர்லயும் இதான், இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேன்லயும் இதான். எதிர்ப்பக்கம் 109ல டைம்லர் பென்ஸ் டிபி 601. அது கிட்டத்தட்ட 34 லிட்டர், 12 சிலிண்டரும் தலைகீழா தொங்குற மாதிரி அமைப்பு. பின்னணி இவ்வளவு போதும்.

முக்கியமான வித்தியாசம் எரிபொருள் உள்ள போற வழியில இருக்கு. டிபி 601ல பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் நேரா பெட்ரோலைப் பீச்சும். விமானம் எப்படிப் புரண்டாலும் அதுக்குக் கவலையே இல்ல. மெர்லின்ல இருந்தது கார்புரேட்டர்.

கார்புரேட்டர்னா நமக்குத் தெரியாததா? 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வர்றதுக்கு முன்னாடி வாங்கின ஸ்ப்ளெண்டர் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தத் தெருவுல போனாலும் நிக்கும். அதோட கார்புரேட்டரைக் கழட்டிப் பார்த்தாலே 1940ல என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சிடும். இன்ஜின் நல்லா ஆறினதும் திறந்த வெளியில நிறுத்துங்க. பெட்ரோல் டேப்பை மூடுங்க. அடிக்கிண்ணத்துல இருக்கிற வடிகால் ஸ்க்ரூவைத் திருகி உள்ள இருக்கிற பெட்ரோலை ஒரு டப்பாவுல பிடிச்சுட்டு, கிண்ணத்தைக் கழட்டுங்க. உள்ள லேசா மேலயும் கீழயும் ஆடுறதுதான் ஃப்ளோட். அதோட ஒரு சின்ன ஊசி சேர்ந்திருக்கும். பெட்ரோல் நிறைஞ்சா ஃப்ளோட் மிதந்து மேல போகும், ஊசி வழியை அடைக்கும். பெட்ரோல் குறைஞ்சா ஃப்ளோட் இறங்கும், ஊசி திறக்கும். ஊசி நுனி தேஞ்சா, இல்ல அது உட்கார்ற இடத்துல தூசி சிக்கினா, வழி முழுசா மூடாது. மெக்கானிக் "ஓவர்ஃப்ளோ ஆகுதுண்ணா"ன்னு சொல்றது இதைத்தான்.

இப்போ மெர்லினுக்குப் போவோம். ஸ்டிக்கை முன்னால தள்ளின உடனே நெகட்டிவ் ஜி. அதாவது விமானத்துக்குள்ள இருக்கிற எல்லாமே மேல போகப் பார்க்கும். கிண்ணத்துல இருக்கிற பெட்ரோலும் மேல போய் ஒட்டிக்கும். அடியில இருக்கிற ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோலை இன்ஜினுக்கு எடுத்துக்கிட்டுப் போற சின்ன ஓட்டைக்கு, பெட்ரோல் கிடைக்காது. அதுதான் முதல் இருமல், ஒரு செகண்ட், ஒன்றரை செகண்ட். அது பெரிய பிரச்சினை இல்ல.

ரெண்டாவது அடிதான் பெருசு. பெட்ரோல் மேல ஏறிட்டதால ஃப்ளோட் அடியில போய் உட்காருது. ஊசிக்கு என்ன தோணும்? கிண்ணம் காலின்னு தோணும். முழுசா திறந்துடும். பம்ப் தன்னோட முழு அழுத்தத்துல பெட்ரோலைத் தள்ளும். கிண்ணம் வழிஞ்சு, அத்தனையும் சூப்பர்சார்ஜர், அதாவது காத்தை அழுத்தித் தள்ளுற விசிறி, வழியா இன்ஜினுக்குள்ள போகும். எரியத் தேவையான காத்து அந்த அளவு பெட்ரோலுக்கு இல்ல. அதான் கரும்புகை, அதான் கட்.

பைலட்டுகளும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நேரா மூக்கைக் கவுக்காம, முதல்ல பாதி உருண்டு தலைகீழா திரும்பி, அப்புறம் ஸ்டிக்கைப் பின்னால இழுப்பாங்க. அப்போ பெட்ரோல் கிண்ணத்தோட அடியிலயே நிக்கும், இன்ஜின் ஓடும். ஆனா உருண்டு முடிக்கிற நேரத்துல எதிரி தூரம் போயிடுவான்.

"அப்புறம் ஏன் கார்புரேட்டரைக் கட்டிக்கிட்டு அழுதாங்க?"ன்னு கேப்பீங்க. ரோல்ஸ் ராய்ஸ் கையில நியாயமான காரணம் இருந்துச்சு. சூப்பர்சார்ஜருக்கு முன்னாடியே பெட்ரோல் காத்தோட கலந்து ஆவியாகுறதால, கலவையோட சூடு சுமார் 25 டிகிரி குறையும். குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும், அதனால அதே சிலிண்டருக்குள்ள அதிகக் காத்து நுழையும், பவர் கூடும். சிலிண்டருக்குள்ள நேரா பீச்சினா அந்தக் குளிர்ச்சி சூப்பர்சார்ஜருக்குக் கிடைக்காது. 34 லிட்டர் இன்ஜினோட 27 லிட்டர் இன்ஜின் மல்லுக்கு நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம். என்னைக் கேட்டா, அந்த முடிவு தப்பே இல்ல.

[திரையில்: பியாட்ரிஸ் ஷில்லிங்]

இங்கதான் வர்றாங்க பியாட்ரிஸ் ஷில்லிங். ஃபார்ன்பரோவுல இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்துல இன்ஜினியர். ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துல நார்ட்டன் பைக்கை மணிக்கு 100 மைலுக்கு மேல ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினவங்க. கார்புரேட்டர் அவங்களுக்குக் கையில பழகின பொருள்.

அவங்க யோசனையைப் பாருங்க. பெட்ரோல் மேல போறதைத் தடுக்க முடியாது, ஊசி திறக்கிறதையும் தடுக்க முடியாது. ஆனா எவ்வளவு பெட்ரோல் வரணும்ங்கிறதை முடிவு பண்ணலாம். முழு பவர்ல இன்ஜின் குடிக்கிற அளவு மட்டும் போற மாதிரி ஓட்டை போட்ட ஒரு பித்தளைத் துண்டை, கார்புரேட்டருக்கு முன்னாடி பெட்ரோல் குழாயில செருகிட்டா போதும். ஊசி முழுசா திறந்தாலும் இன்ஜின் எரிக்க முடியாத அளவு பெட்ரோல் உள்ள வரவே வராது.

ஓசூர் சிப்காட்ல லேத்துல நிக்கிற தம்பிங்க, இந்த இடத்தை கவனிச்சுக் கேளுங்க. ஓட்டை கொஞ்சம் பெருசானா பழைய கதைதான், வழிஞ்சு கட் ஆகும். சின்னதானா இன்னும் மோசம். முழு பவர்ல பெட்ரோல் பத்தாம, கலவை மெலிஞ்சு, சிலிண்டருக்குள்ள டெட்டனேஷன் ஆகும், அதாவது கலவை சீரா எரியாம வெடிக்கும், பிஸ்டன் போயிடும். அதனால ஒரே அளவு எல்லா இன்ஜினுக்கும் ஒத்து வராது. 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தப்புறம் மெர்லினோட பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது சூப்பர்சார்ஜர் காத்தை உள்ள தள்ளுற அழுத்தத்தை, சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டுல இருந்து 12க்கு ஏத்தியிருந்தாங்க. 1,030 குதிரைத்திறன் 1,310 ஆச்சு. 12 பவுண்டுக்கு ஒரு ஓட்டை, 15 பவுண்டுக்கு வேற ஓட்டைன்னு ரெண்டு அளவுல செஞ்சாங்க.

1941 தொடக்கத்துல ஷில்லிங்கும் அவங்க சின்னக் குழுவும் விமானத் தளம் தளமா போய் மாட்டினாங்க. விமானத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்ல. குழாயைக் கழட்டு, செருகு, மாட்டு, பறக்க விடு. முதல் இருமல் மட்டும் மிச்சம் இருந்துச்சு, தலைகீழா ரொம்ப நேரம் பறக்கவும் முடியாது. அது 1943 வாக்குல, ஃப்ளோட்டை நம்பாம அழுத்தத்துலயே பெட்ரோலைத் தர்ற பெண்டிக்ஸ் அழுத்தக் கார்புரேட்டர் வந்தப்புறம்தான் தீர்ந்துச்சு.

இதெல்லாம் எங்கயோ சீமைச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம விமானப்படையே ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் ஓட்டியிருக்கு, டெல்லி பாலம் அருங்காட்சியகத்துல ரெண்டையும் பார்க்கலாம். ஓசூர்ல இருந்து 40 கிலோமீட்டர்ல இருக்கிற பெங்களூர்ல, 1940 டிசம்பர்ல தொடங்கின ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (இன்னிக்கு ஹெச்ஏஎல்), போர்க்காலத்துல அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்துச்சு. கேட்டலினாங்கிற கடல் விமானத்தை பெல்லந்தூர் ஏரித் தண்ணியிலயே இறக்கினாங்க. அந்த ஏரித் தண்ணி வர்த்தூர் தாண்டி, தென்பெண்ணையில கலந்து நம்ம கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருது!

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. 1935ல முதல் 109 பறந்தப்போ அதுல இருந்த இன்ஜின் எது தெரியுமா? ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல்! போர் முடிஞ்சு ஸ்பெயின்காரங்க 109ஐ மறுபடி கட்டினப்போ அதுல கடைசியில மாட்டினது மெர்லின். அதுக்குப் பேரு புச்சோன்.

விமானக் கண்காட்சி வீடியோல 109 வந்தா நிறுத்திட்டு மூக்கைப் பாருங்க. எக்ஸாஸ்ட் குழாய் வரிசை கீழ இருந்தா டைம்லர் பென்ஸ். மேல இருந்து, தாடை உப்பி, ப்ரொப்பெல்லர் நாலு இலையா இருந்தா, அது மெர்லின் போட்ட புச்சோன். கண்டுபிடிச்சா அந்த வீடியோ பேரைக் கமெண்ட்ல போடுங்க, எல்லாரும் பார்ப்போம்.