சைலன்சரும் ஃபில்டரும் மாற்றியாச்சு, கார்பரேட்டர்?

[திரையில்: கூம்பு ஃபில்டர் மாட்டிய பழைய ஆர்எக்ஸ் 100 பைக், இன்ஜின் ஓடுகிறது]

வணக்கங்க. சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டியாச்சு. சத்தம் ஊரைக் கூட்டுகிறது, வண்டி மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. பட்டறைக்குப் போனால் கார்பரேட்டரின் வெளியே இருக்கிற ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு "இப்ப ஓட்டிப் பாருங்ண்ணா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஸ்குரூவின் வேலை ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலேயும்தான். முழு முறுக்கில் திணறுகிற வண்டியை அதை வைத்துச் சரி செய்யவே முடியாது.

இது கார்பரேட்டர் வண்டிக்கான வீடியோ, அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப கார்பரேட்டர் இருக்கிற வண்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷன், அங்கே பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும், கதை வேறு.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். மைலேஜுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் கம்பெனியே பல வண்டிகளைக் கொஞ்சம் லீனாகத்தான் (காற்று கூட, பெட்ரோல் குறைவு) வைத்து அனுப்புகிறது. அதற்கு மேல் நாம் ஃபில்டரைத் திறந்துவிட்டால் காற்று தடையில்லாமல் வரும், பெட்டி இருந்தபோது ஜெட்டின் (பெட்ரோல் வருகிற சின்னத் துளை) மேல் கிடைத்த உறிஞ்சலும் குறையும், ஆக பெட்ரோல் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் வண்டி இன்னும் லீனாக ஓடும். லீன் என்றால் சூடு. டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

[திரையில்: ஆக்சிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப், கால், அரை, முக்கால் என்று கோடுகள்]

இந்த டேப்பை முதலில் ஒட்டுங்கள். முறுக்கு எங்கே இருக்கும்போது கோளாறு வருகிறது என்பதுதான் கேள்வி, இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்பதல்ல. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும் அந்த ஸ்குரூவும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்குகிற ஊசியான நீடில், முக்காலுக்கு மேல் பெரிய ஜெட்டான மெயின் ஜெட். ஒன்றின் எல்லை இன்னொன்றில் கொஞ்சம் ஏறிக்கொள்ளும்.

எதையும் கழற்றும் முன் ஒன்று. சைலன்சர் கேஸ்கெட் கசிந்தாலும் ஆக்சிலேட்டரை விடும்போது வெடிக்கும். கார்பரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பர் வெடித்திருந்தாலும் ஐடிலிங் ஏறி நின்றுகொண்டு இறங்காது. இதைப் பார்க்காமல் ஜெட் வாங்கினால் காசுதான் போகும்.

சரி, நான் மெயின் ஜெட்டில்தான் தொடங்குவேன், ஏனென்றால் நீடில் ஓடும்போதும் பெட்ரோல் அந்த ஜெட் வழியாகத்தான் வருகிறது. ஆளில்லாத நேராக ஓடும் ரோடு வேண்டும். அவிநாசி பெருந்துறை பைபாஸ் வேண்டவே வேண்டாம், லாரிகள். தாராபுரம் பக்கம் விடிகாலையில் நல்ல ரோடு கிடைக்கும், ஆனால் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும், எதிர்க்காற்றில் எந்த வண்டியும் சோனியாகத்தான் தெரியும், அதனால் போக ஒரு முறை, வர ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முழு முறுக்கில் போகும்போது துளி குறையுங்கள். குறைத்ததும் வண்டி சற்று எகிறினால் மெயின் ஜெட் சிறியது. அமுங்கிய சத்தத்தோடு மிஸ்ஸிங் அடித்துக் கரும்புகை வந்தால் பெரியது. ஒரு தடவைக்கு ஒரு சைஸ் மட்டும் மாற்றுங்கள். மிகுனி, கெய்ஹின் இரண்டும் கார்பரேட்டர் கம்பெனிகள்; மிகுனி ஜெட்டின் எண்ணும் கெய்ஹின் ஜெட்டின் எண்ணும் ஒரே அளவைச் சொல்வதில்லை, கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள்.

[திரையில்: நீடில், தலையில் கிளிப் காடிகள்]

நீடில் சுலபம். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். அரை முறுக்கில் இழுக்காமல் தயங்கினால் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாகத்தான் அந்த ஸ்குரூ. அது ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்குரூ, வெளியே திருப்பினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்குரூ, வெளியே திருப்பினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். பாதிக் குழப்பம் இங்கேதான். மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள், சூடான இன்ஜினில் ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்று சுற்றுக்கு மேல் போனாலும் சரி வராவிட்டால் பைலட் ஜெட்டையே மாற்ற வேண்டும்.

"ஏனுங்க, எங்கிட்ட சிவி கார்பரேட்டர் வண்டிங்க" என்பவர்களுக்கு: அங்கே காற்று வழியைத் திறக்கிற ஸ்லைடைத் தூக்குவது கேபிள் இல்லை, வேக்கம், அதாவது இன்ஜினின் உறிஞ்சல். கூம்பு ஃபில்டர் போட்டால் அந்தத் தூக்கலே கெட்டுப்போய், எத்தனை ஜெட் மாற்றினாலும் நடுவில் ஒரு தயக்கம் நிற்கலாம். என் கணக்கில் சிவி வண்டிக்குப் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே நல்ல ஃபில்டர் போடுவதே மேல். மழைத் தண்ணீரும் காங்கேயம் புழுதியும் இன்ஜினுக்குள் போகாமலும் இருக்கும்.

அப்புறம் ஊட்டி. கோவை சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. அங்கே காற்று மெல்லியது, இங்கே சரியாக வைத்த வண்டி அங்கே ரிச்சாகி மந்தமாகும். அதைப் பார்த்து மேலேயே ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டு, அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கி முழு முறுக்கில் ஓட்டாதீர்கள், கீழே வந்ததும் லீன் ஆகிவிடும். இரண்டு நாள் மந்தமாக ஓடட்டும், ஒன்றும் ஆகாது.