ஓலைக்குத் தடை உண்டா?

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கடலைப் பொட்டலத்தோடு முன்வரிசையைப் பிடித்திருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். நடுவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் என் பங்கையும் சேர்த்துப் புகழ்ந்துவிட்டார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தன்பாலீர்ப்பு கொண்டவர்களிடம் திருச்சபை முதலில் காட்ட வேண்டியது கண்டிப்பா, அரவணைப்பா? திருவிழாப் பட்டிமன்றத்துக்கு இப்படி ஒரு தலைப்பை வைத்த பங்குப் பேரவைக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். போன வருஷம் குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று வைத்தார்கள். நடுவர் மேடையில் ஒரு தீர்ப்புச் சொன்னார், வீட்டுக்குப் போனதும் மேல்முறையீட்டில் அது மாறிவிட்டது.

பேராசிரியர் கண்டிப்புக்காக விவிலியத்திலிருந்து லேவியர் 18 படித்தார், உரோமையர் முதல் அதிகாரம் படித்தார், 1 கொரிந்தியர் 6 படித்தார். நன்றாகத்தான் படித்தார். படித்ததோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் ஒன்று சொன்னாரே! "இவர்கள் பேச்சைக் கேட்டால் நாளைக்கு ஃபாதர் ஓலை வாசிக்கும்போது பெண் பெயர் வரவேண்டிய இடத்தில் இன்னொரு மாப்பிள்ளை பெயர் வரும், ஃபாதருக்கு விக்கல் எடுக்கும்" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். சரி, ஓலையை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார், நான் வாசிக்கிறேன்.

பந்தலில் இருக்கும் மற்ற மதத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். அதுதான் ஓலை.

எங்கள் ஊரில் ஒரு பையனுக்கு இரண்டாம் ஓலை. ஃபாதர், "தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்றார். வழக்கமாக அந்த இடத்தில் சனமெல்லாம் சீலிங் ஃபேனைப் பார்க்கும். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நின்றார். மொத்தக் கோயிலும் திரும்பியது. பெண்ணைப் பெற்றவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா செபமாலையைத் தேடுகிறார். ஃபாதர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "என்ன பாட்டி, தடையா?"

"தடைதான் சாமி."

"ரத்த உறவா?"

"இல்ல சாமி."

"வெளியூர்ல ஏற்கெனவே கல்யாணம் பண்ணியிருக்கானா?"

"அவ்வளவு சாமர்த்தியம் அவனுக்கு ஏது சாமி?"

"பின்னே என்னதான் தடை?"

"எங்கிட்ட சீட்ட எடுத்துட்டு பதினோரு தவணை கட்டல!"

பொறுங்கள், இன்னும் முடியவில்லை. ஃபாதர், "பாட்டி, அது பணத் தகராறு, திருமணத் தடையில்ல" என்றார். பாட்டி விட்டாரா? "களவு செய்யாதே, ஏழாம் கட்டளை. போன வாரப் பிரசங்கத்துல நீங்கதான சொன்னீங்க? போன வாரம் பாவமா இருந்தது இந்த வாரம் இல்லாமப் போச்சா?" ஃபாதர் கையால் பொத்திய மைக்கில் கேட்டதே இவ்வளவு. பொத்தாமல் விட்டிருந்தால் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பாட்டியும் வந்தார். இரண்டு பந்தியில் உட்கார்ந்து இரண்டு தவணையைக் கழித்துக்கொண்டார்.

நடுவர் அவர்களே, ஏழாம் கட்டளையை மீறியவனுக்கு ஓலை வாசித்தோம். "கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று குடிகாரனுக்கு வாசித்தோம். மூன்றாம் ஓலைக்கு முதல் நாள் ராத்திரி இன்னும் பத்துப் பவுன் கேட்டு மல்லுக்கு நின்ற வீட்டுக்கும் வாசித்தோம். எந்த ஃபாதருக்கும் விக்கல் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. பேராசிரியர் காட்டிய அதே கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தில் அவர் 9ஆம் வசனத்தோடு மூடிவிட்டார். 10ஆம் வசனத்தில் திருடர், பேராசைக்காரர், குடிவெறியர், பழிதூற்றுவோர் எல்லாரும், இறையாட்சியில் இடமில்லை என்று சொல்லப்பட்ட அதே வரிசையில் நிற்கிறார்கள். அதையும் படித்திருந்தால் இந்தப் பந்தலில் பாதி காலியாகியிருக்கும், மேடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் சோதோம். இந்த உறவால்தான் கடவுள் தீ விழச் செய்து அழித்தார் என்று எதிரணி காட்டும் விவிலிய நகரம். தீ விழுந்தது ஏன் என்று எசேக்கியேல் 16:49இல் இருக்கிறது: அகந்தை, வயிறு முட்டச் சாப்பாடு, கவலையில்லாத சொகுசு, ஏழைக்குக் கை கொடுக்காதது. உடனே எதிரணி, சோதோமின் பாலியல் ஒழுக்கக்கேட்டைச் சொல்லும் யூதா திருமுகத்தைப் புரட்டும். புரட்டட்டும், அதில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அசனப் பந்தியில் மூன்றாம் தடவை குழம்பு கேட்டவரைப் பார்த்து "சோதோம்காரா" என்று யாராவது கூப்பிட்டிருக்கிறோமா?

இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பு வராது. இந்த உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை வெள்ளைக்காரன் 1860இல் எழுதி வைத்தான். ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம் என்று இருந்தது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வாழ்வதற்கு அது பொருந்தாது என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு: உத்கல் கிறிஸ்தவக் கவுன்சில், அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பு. பாவம் என்று பிரசங்கம் செய்வது ஒன்று, ஜெயிலில் போடு என்று மனுப் போடுவது வேறு. 2013இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தபோது, கத்தோலிக்கத் திருச்சபை இவர்களை ஒருநாளும் குற்றவாளிகளாக நினைத்ததில்லை என்று சொன்னவர் மும்பையின் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ். 2018 செப்டம்பர் 6இல்தான் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2023 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸும் இது குற்றமல்ல என்றார். பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பாருங்கள் என்றார்.

"திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு 2357இல் இச்செயல் ஒழுங்கற்றது என்று இருக்கிறதே" என்று பேராசிரியர் கேட்டார். இருக்கிறது ஐயா. 2358ஐயும் படியுங்கள். மரியாதையோடும் இரக்கத்தோடும் இவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்று அதே ஏட்டில்தான் இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. எனக்கு இதைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்று நீதிமன்றத்திலேயே ஒத்துக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். "சரிசெய்கிறேன்" என்று யாரும் இவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்றும் அதில் எழுதினார். நடுவர் அவர்களே, உங்களையும் போகச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்த நீதிபதியே போனார் என்று மட்டும் சொல்கிறேன்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்மேல் கல்லெறிய வந்த கதையில் "இனிப் பாவம் செய்யாதீர்" என்று இயேசு சொன்னாரே என்பார்கள். சொன்னார். எப்போது சொன்னார்? கல்லைப் போட்டுவிட்டு எல்லாரும் நடையைக் கட்டிய பிறகு, "நானும் தீர்ப்பு அளிக்கவில்லை" என்று சொன்ன பிறகு. எதிரணியினர் கையில் கல்லை வைத்துக்கொண்டே அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். இந்த ஊர் இல்லை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அவர் பையன் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவன். பெரிய வியாழன் ராத்திரி எல்லாரும் போன பிறகும் தனியாக உட்கார்ந்து மறுநாள் பாட்டைப் பழகுவான். ஒருநாள் அம்மாவிடம் தன்னைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டான். அன்பியக் கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டத்தில், அவர்களுக்கு நாற்காலி போட ஆள் இல்லாமல் போய்விட்டது. பையன் பெங்களூருக்குப் போனவன் போனவன்தான். கீபோர்டில் உறை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம். அந்த அம்மா எனக்குப் போன் பண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் ராத்திரிப் பூசைக்கு வரணும்னு ஆசைப்படுறான் சார். எங்கூட பெஞ்சுல உக்காந்தா யாரும் எந்திரிச்சுப் போயிர மாட்டாங்கல்ல?" நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை, கிடைக்குமா என்றுகூட அவர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு ஆசைப்பட அவருக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் உட்காரலாமா என்றுதான் கேட்கிறார்.

கண்டிப்புதான் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவின் போன் நம்பரைத் தருகிறேன், அதை நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். என்னால் ஆகாது. வணக்கம்.