பிரெஞ்சு வினைச்சொல்: வாய் வெட்டுற இடம் வேற, அர்த்தம் வெட்டுற இடம் வேற

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு பிரெஞ்சு வினைச்சொல்தான். நோட்டு, பென்சில் எடுத்துக்கோங்க.

ஷான்தே. 'பாடுறது'ன்னு அர்த்தம். 'நாங்க பாடுவோம்'னா, நூ ஷான்த்ரோன். எழுதும்போது த்-க்கும் ர்-க்கும் நடுவுல ஒரு 'எ' இருக்கு. சாதாரணப் பேச்சுல அது விழுந்துடும். அதனால எழுத்துல ஷான்-தெ-ரோன், மூணு அசை. வாயில ஷான்-த்ரோன், ரெண்டே அசை. பழைய மரபுக் கவிதையில மட்டும் அந்த 'எ'யையும் சேர்த்து மூணாவே எண்ணுவாங்க.

இப்போ பகுபத உறுப்பிலக்கணம் மாதிரி பிரிங்க. ஷான்த், பகுதி. எர், எதிர்காலம் காட்டுற இடைநிலை. ஓன், 'நாங்க'ங்கிற விகுதி. நம்ம பாடு + வ் + ஓம் இருக்கே, அதே வரிசை! ஓன், ஓம் ஒலி ஒத்துப்போறது தற்செயல்தான், ஆனா எனக்கு அது மனசுல ஒட்டிக்கிச்சு.

'த்ரோன்'ங்கிற அந்த ஒரு அசையைக் கவனிங்க. பகுதியோட வாலு, காலம், ஆள், மூணும் அதுக்குள்ள இருக்கு. அசைக்கோட்டுல வெட்டினா அர்த்தம் சிதறிடும்.

அந்த ஓன் எங்கேருந்து வந்துச்சு? பேச்சு லத்தீன்ல 'காந்தாரே ஹபேமுஸ்'னு சொன்னாங்க. 'பாட இருக்கிறோம்' மாதிரி. ரெண்டு சொல்லும் காலப்போக்குல ஒட்டிப்போச்சு. ஹபேமுஸ்தான் இன்னைக்கு 'நூ அவோன்', அதாவது 'எங்ககிட்ட இருக்கு'. அந்த அவோனோட வாலுதான் ஷான்த்ரோன்ல நிக்குது. இது தெரிஞ்ச அன்னைக்கு எதிர்கால விகுதிகளை மனப்பாடம் பண்றதையே நான் விட்டுட்டேன். அந்த அவோன் வர்ற வினை அவுவார், 'கிட்ட இருக்கிறது'ன்னு அர்த்தம். அதோட நிகழ்காலம் தெரிஞ்சா போதும்.

இன்னும் ஒண்ணு. 'நாங்க பாடுவோம்தான், ஆனா...'ன்னு இழுக்குற இடத்துல வர்ற வடிவம், நூ ஷான்தெரியோன். ஷான்த் + எர் + இ + ஓன். எர் எதிர்காலத்தோடது, இ இறந்தகாலத்தோடது. 'பாடுவோம்னு அன்னைக்குச் சொன்னோம்'னு சொல்லவும் இதேதான். இங்க மட்டும் அந்த 'எ' விழாது. விழுந்தா த், ர், ய் மூணும் மோதிக்கும், பிரெஞ்சு வாய்க்கு அது வராது.

நான் நோட்டுல சொல்லுக்கு மேல பென்சில்ல அசைக்கோடு போடுவேன், கீழ பேனாவுல உறுப்புக்கோடு. நீங்க 'நூ ஃபினிசோன்', 'நாங்க முடிக்கிறோம்', அதுக்குப் போட்டுப் பாருங்க. மேல ஃபி-நி-சோன். கீழ ஃபின் + இஸ் + ஓன்.