புறாமலையில ஒரு கல்லுத் துண்டும் எடுக்க ஏலாது, ஏன்?

(இலங்கை, திருகோணமலை, நிலாவெளிக் கரை. போட் ஸ்டார்ட் பண்ணுற சத்தம்)

வணக்கம் மக்களே, எனக்குப் பின்னால கடலுக்க ரெண்டு பாறைத்தீவு தெரியுதே, அதுதான் புறாமலை, கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் வரும், போட்டில ஏறி வாயில போட்ட டொஃபி கரைய முதல் போய் இறங்கிடலாம். மாடப்புறா கூடு கட்டுற இடம், அதால அந்தப் பேர். வெள்ளைக்காரன் காலத்தில இந்தத் தீவைக் குறிவைச்சுச் சுட்டுப் பழகினவங்கள்.

1963இல சரணாலயம் எண்டு அறிவிச்சாங்க, 2003இல தேசியப் பூங்கா. சும்மா பேரைத்தானே மாத்தினது எண்டு நினைக்காதீங்கோ, விஷயமே இங்கதான் இருக்கு. ரெண்டும் 1937ஆம் ஆண்டு வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழதான், ஆனா சரணாலயத்துக்குள்ள தனியார் காணியும் இருக்கலாம், சனமும் குடியிருக்கலாம். தேசியப் பூங்கா எண்டா அரச காணி மட்டும், பெர்மிட் இல்லாம காலே வைக்க ஏலாது, அந்தப் பெர்மிட்டும் பாக்கத்தான். நாங்க கவுண்டரில "டிக்கெட்" எண்டு வாங்குறது அதைத்தான்.

பூங்கா எண்டது தீவு மட்டுமில்ல, 471 ஹெக்டேயர், அதில முக்காவாசிக்கு மேல கடல். எல்லை எங்க எண்டு தண்ணியில கோடு கீறியா இருக்கு? அதைவிட எல்லையில இருந்து ஒரு மைலுக்குள்ள ஏதும் அபிவிருத்தி வேலை செய்யிறதெண்டாலும் முதலே எழுத்தில அனுமதி எடுக்கோணும், இது கனபேருக்குத் தெரியாது.

(குளோஸ்அப்: கையில முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டு)

இந்தா, விரல் மொத்தம்தான், தேன்கூடு மாதிரிப் பொட்டுப் பொட்டா ஓட்டை. போன முறை மருமோன் ஒண்டைப் பொக்கெற்றுக்க போட்டிட்டு "மாமா, இது செத்த கல்லுத்தானே" எண்டான். செத்ததோ உயிரோ, எடுக்க ஏலாதடா எண்டன். ஒரு ஆள் ஒண்டு எடுத்தா ஒண்டும் தெரியாது, ஆனா சீசனுக்கு வாற சனத்தை நினைச்சுப் பாருங்கோ.

எனக்கு உண்மையா கோவம் வாறது வேற விஷயத்துக்கு. முழங்கால் தண்ணியில, செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டி ஓடுற இடத்தில, உயிருள்ள முருகைக்கு மேல ஏறி நிண்டு செல்ஃபி எடுக்கினம், டிக்கெட் வாங்கின ஆக்கள்தான். கடல் சூடாகி முருகை வெளிறிப்போறதைச் சட்டத்தால மறிக்க ஏலாது, இந்தக் காலை மறிக்கலாம்தானே.

மருமோன் கல்லைத் திருப்பிப் போட்டிட்டான். ஆனா திரும்பி வரேக்க போட்டில இருந்து மற்றப் பொக்கெற்றையும் நான் தட்டிப் பாத்தன், ரெண்டு இருந்தது.