4கே வீடியோவை முதலிலேயே 1080-க்கு மாற்றிவிட்டு எடிட் செய்யலாமா?

அடுத்த கேள்வி. "அண்ணா, நான் போனில் 4கே-வில் எடுக்கிறேன், யூடியூபில் 1080-ல்தான் போடுகிறேன். லேப்டாப்பில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. எல்லாக் கிளிப்பையும் முதலில் 1080-க்கு மாற்றிவிட்டு எடிட் செய்யலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

செய்யலாம், தடையில்லை. ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லேப்டாப் ஏன் திக்குகிறது? பிக்சல் அதிகம் என்பது ஒரு காரணம். 4கே என்றால் 3840-க்கு 2160 பிக்சல், அதாவது 1080-ஐப் (1920-க்கு 1080) போல சரியாக நான்கு மடங்கு. ஆனால் பல நேரம் அதைவிடப் பெரிய தொல்லை கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. பல போன்கள் எச்.265 என்ற கோடெக்கில் பதிகின்றன. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக இருக்காது. பெரும்பாலானவற்றில் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும்தான் இருக்கும். நீங்கள் நடுவில் ஓர் இடத்தில் கிளிக் செய்தால், அந்த ஒரு படத்தைக் காட்ட முன்னால் உள்ள பல ஃபிரேம்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், இன்னும் மோசமாக இருக்கும். அதனால் 1080-க்கு மாற்றி மறுபடியும் எச்.265-லேயே சேமித்தால் பாதிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இதற்குத்தான் பிராக்ஸி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் நகல். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' என்று இருக்கும், அடோபி பிரீமியரில் 'கிரியேட் பிராக்ஸிஸ்'. கோடெக்காகப் புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக முழுசாக இருக்கும், வெட்டும்போது சட்டென்று நகரும். ஒரு விஷயம், பிராக்ஸி என்றால் ஃபைல் சின்னதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம், எச்.265 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. அதற்கு 1080 புரோரெஸ் பிராக்ஸி போட்டால் நிமிடத்துக்கு 340 எம்பி பக்கம் வரும்! ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம், ஒரிஜினல்தான் இருக்கிறதே.

எக்ஸ்போர்ட் செய்யும்போது பிராக்ஸியைப் பயன்படுத்தும் டிக் விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்திருந்தால் மங்கலான படம்தான் வெளியே வரும்.

சரி, கடைசியில் 1080-ல்தானே போடப்போகிறோம், ஒரிஜினல் 4கே எதற்கு? டைம்லைனை 1080-ல் வையுங்கள், கிளிப் 4கே-வாகவே இருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், ஒரே கேமராதான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியத்துக்கு இடுப்பு வரை முழு ஃபிரேம், அடுத்த வாக்கியத்துக்கு முகத்தைச் சுற்றிப் பாதி அகலத்தை மட்டும் வெட்டி எடுங்கள். பாதி அகலம் 1920, அப்படியே முழு 1080 கிடைத்துவிடும். பார்ப்பவருக்கு இரண்டு கேமரா வைத்து எடுத்த மாதிரி இருக்கும், 'அப்புறம்', 'வந்து' என்று இழுத்த இடங்களை வெட்டியதும் தெரியாது. முன்கூட்டியே 1080-க்கு மாற்றியிருந்தால் இந்த வசதி போச்சு. பிரீமியரில் இதைச் செய்யும்போது 'செட் டு ஃபிரேம் சைஸ்' தேர்ந்தெடுங்கள். 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' வேண்டாம், அது படத்தை 1080-ஆகச் சுருக்கிவிட்டுத்தான் ஜூம் செய்யும்.

இன்னொன்று, 4கே-வைச் சுருக்கி எடுத்த 1080, நேராக 1080-ல் எடுத்ததைவிடப் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாவதால் இருட்டில் வரும் புள்ளி புள்ளி நாய்ஸ் குறையும்.

அப்படியென்றால் முன்னாலேயே மாற்றுவதில் பயனே இல்லையா? இருக்கிறது. இரண்டு மணி நேரச் சொற்பொழிவு, கேமரா நகரவில்லை, ஜூம் செய்யப்போவதும் இல்லை என்றால் மாற்றிவிடலாம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும், இலவசம். அதில் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) 'கான்ஸ்டன்ட்' என்று வையுங்கள், அதாவது மாறாமல் ஒரே அளவாக. போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும், அதை அப்படியே விட்டால் போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகிவிடலாம்.